ஃபிரிட்ஜ் கதவில் இருந்த மிச்ச சிரப்

பதினாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதற்குள் கரும்பலகை வெண்பலகையாகிவிட்டது, சோக்கட்டி போய் மார்க்கர் வந்துவிட்டது, பாடப்புத்தகமும் மாறிவிட்டது. நான் எழுதுகிற ஒரு வசனம் மட்டும் மாறவேயில்லை. "நுண்ணுயிர்கொல்லிகள் பற்றீரியாக்களை அழிக்கும். வைரசுக்களுக்கு எதிராகச் செயற்படமாட்டா." பிள்ளைகள் அதைக் கொப்பியில் இறக்குவார்கள், பரீட்சையில் கேட்டால் அப்படியே ஒப்புவிப்பார்கள், புள்ளி விழும், எல்லாருக்கும் சந்தோசம். அந்த வசனத்தை எழுதிய இதே கையால்தான் என் மகனுக்கு வைரசு வயிற்றோட்டத்துக்கு அன்டிபயோட்டிக் சிரப் ஊற்றினேன். இதை இன்றுவரை பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதுவதைப் பார்த்து யாராவது கேட்டால் வேறு யாரோ எழுதியது என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

2017 மார்கழி. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற மழை. மகனுக்குப் பதினான்கு மாதம். பின்னேரம் இரண்டு தரம் சத்தி எடுத்தான், இரவு வயிற்றால் போகத் தொடங்கியது, விடியும்போது வெறும் தண்ணீர்தான். டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பார்த்தார், ஒன்றுக்குப் போனானா என்று கேட்டார். "இது வைரசு. ரொட்டாவா இருக்கலாம். ஜீவனி குடுங்க, சிங்க் குடுங்க, தாய்ப்பால நிப்பாட்ட வேணாம். அன்டிபயோட்டிக் தேவையில்ல." நான் தலையாட்டினேன். ஒரு விஞ்ஞான வாத்தியாருக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்பதுபோல கொஞ்சம் மிடுக்காகவே ஆட்டினேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்ட முதல் கேள்வி: "மருந்து ஒண்டும் தரல்லயா? காசி வாங்கினவர்தானே?"

அன்று முழுக்க ஜீவனியும் (உப்பும் குளுக்கோசும் கலந்த தூள், தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது) கரண்டியுமாகக் குந்தியிருந்தோம். குடித்ததில் பாதி சத்தியாக வந்தது. இரவு கரண்ட் போய்விட்டது, பம்பர்ஸ் முடிந்துவிட்டது, மாமியின் பழைய சீலையைக் கிழித்துக் கிழித்துக் கட்டினோம். அப்போதுதான் மாமி மெதுவாக ஆரம்பித்தார். மச்சாளின் மகளுக்குத் தொண்டை நோவுக்கு வாங்கிய சிரப் ஃபிரிட்ஜ் கதவில் அரைப்போத்தல் கிடக்கிறது, அதைக் கொடுத்தால் என்ன. நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் மாமிக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். வைரசுக்குக் கலச்சுவர் இல்லை, இந்த மருந்து பற்றீரியாவின் கலச்சுவரைத்தான் உடைக்கும், ஆகவே உடைக்க அங்கே ஒன்றுமில்லை. மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, உங்களுக்குத்தான் தெரியும்" என்று படுக்கப் போனார். இரண்டு மணிக்கு மகனின் கண் உள்ளே போயிருப்பது போலத் தெரிந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் அப்படித்தான் தெரியும், அது பிறகு யோசித்தபோதுதான் பிடிபட்டது. அந்த நேரம் நானே எழும்பிப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். ரோஸ் நிறம், வாழைப்பழ வாசம். எத்தனை நாளைக்கு முன் கலக்கியது என்றுகூடப் பார்க்கவில்லை. அரைக் கரண்டி. காலையில் இன்னொன்று, இரவு இன்னொன்று.

மூன்றாம் நாள் பின்னேரம் மகன் கோழியைத் துரத்திக்கொண்டு முற்றத்துக்குத் தவழ்ந்தான். "பாத்தீங்களா தம்பி" என்றார் மாமி. வேறொன்றும் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. இந்த வயிற்றோட்டம் எப்படியும் சில நாட்களில் தானாக நிற்பதுதான், சிரப் கொடுக்காவிட்டாலும் கோழி துரத்தப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க இன்னொரு மகன், இன்னொரு மழை இரவு, சிரப் இல்லாத இன்னொரு ஃபிரிட்ஜ் வேண்டும். மாமியிடம் தர்க்கம் பேசும் தகுதியை நான் இரண்டு மணிக்கே இழந்துவிட்டேன்.

எலிகளின் சாட்சியம்

இதை மறந்திருப்பேன். 2020இல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த மாதங்களில் எல்லாரும் வைரசைப் பற்றிப் பேசினார்கள், எனக்கும் பொழுது போகவில்லை, கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அப்போதுதான் ஒரு ஆய்வுக் கட்டுரை அகப்பட்டது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஜூலி ஃபைஃபர் என்பவரின் ஆய்வுகூடம் 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. எலிக்கு இயல்பாகப் போலியோ தொற்றாது. ஆகவே மனிதக் கலத்தில் போலியோ வைரசு பிடித்துக்கொள்கிற வாங்கியை எலிக்கு வைத்து வளர்க்கிறார்கள். அந்த எலிகளில் ஒரு பகுதிக்கு முதலில் அன்டிபயோட்டிக் கலவையைக் கொடுத்துக் குடலைத் துடைத்துவிட்டு, பிறகு வாய்வழியே வைரசைக் கொடுத்தார்கள். என் வசனத்தின்படி இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கதிதான் நடக்கவேண்டும். நடக்கவில்லை. மருந்து குடித்த எலிகள் குறைவாகச் செத்தன. குடலுக்குள் பற்றீரியாவைத் திரும்ப விட்டபோது பழையபடி சாகத் தொடங்கின.

மருந்து வைரசைத் தொடவேயில்லை, அந்தமட்டில் என் வசனம் சரி. ஆனால் வைரசு சாய்ந்து நின்ற சுவரை மருந்து இடித்துவிட்டது. போலியோ வைரசு பற்றீரியாவின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்ட வைரசு சூட்டுக்கு இலகுவில் குலையாது, கலத்தையும் நன்றாகப் பிடிக்கும். அதே வருடம் அதே இதழில் சிக்காகோவிலிருந்து இன்னொரு கட்டுரை. எலித் தாய்ப்பாலில் வருகிற ஒரு வைரசு, பற்றீரியாவின் வெளிச்சுவர்த் துண்டைத் தன்மேல் பூசிக்கொண்டு வருகிறது. அந்தப் பூச்சைத் தொட்ட நிர்ப்பீடனக் கலங்கள், அதாவது நோயை எதிர்க்கிற கலங்கள், "இது நமக்குத் தெரிந்த ஆள்" என்று அடங்கிவிடுகின்றன. எனக்கு உடனே சண்டைக்காலத்துச் சென்றிகள், அந்த வீதிச் சோதனைச்சாவடிகள், ஞாபகம் வந்தன. தனியே சைக்கிளில் போனால் அங்கே நிற்பவன் இறக்கி அரைமணித்தியாலம் வைத்திருப்பான். அவனுக்கு முகம் தெரிந்த பால்காரரின் சைக்கிள் பாரில் ஏறிப்போனால் கையசைத்து விட்டுவிடுவான். வைரசும் பால்காரரைப் பிடித்துக்கொண்டு போகிறது.

இதுவரைக்கும் தாங்கிக்கொண்டேன். போலியோ, எலிப் பால் வைரசு, நமக்கென்ன. அடுத்து வந்தது ரொட்டா. 2014இல் அட்லான்டாவில் செய்தது: அன்டிபயோட்டிக் குடித்த எலிகளில் ரொட்டாவைரசுத் தொற்றுப் பிந்தி வந்தது, குறைவாகவும் இருந்தது, போதாததற்கு அதற்கெதிரான பிறபொருளெதிரியும் (அன்டிபொடி) கூடுதலாக உண்டானது. கொடுத்த மருந்துகளில் ஒன்று அம்பிசிலின். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது அமொக்சிசிலின், அதன் கூடப்பிறந்தது மாதிரி. வாசித்துவிட்டு முற்றத்தைப் பார்த்தேன். மாமி கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். ஒரு கணம், உண்மையாகச் சொல்கிறேன், போய் மன்னிப்புக் கேட்கலாமா என்றிருந்தது.

கேட்கவில்லை. ஒரு காரணம் ரோசம். இன்னொரு காரணம், அந்தக் கட்டுரையைத் திரும்ப வாசித்தபோது கண்ணில் பட்ட ஒழுங்கு: எலிக்கு முதலில் மருந்து, பிறகு வைரசு. என் மகனுக்கு முதலில் வைரசு, இரண்டு நாள் கழித்துத்தான் மருந்து. கள்ளன் வீட்டுக்குள் வந்து, அள்ளி, போகிற நேரத்தில் நான் வேலி அடைத்திருக்கிறேன்.

ஒரு கலத் தடிப்பில் ஒரு எல்லை

பள்ளிக்கூடத்தில் நாங்கள் குடலைப் படமாகக் கீறும்போது சடைமுளையை, அதாவது சிறுகுடல் சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருப்பதை, கீறுவோம், உள்ளே ஒரு குருதி மயிர்க்குழாய், நடுவில் ஒரு பாற்கலன், அகத்துறிஞ்சல் என்று எழுதி முடித்துவிடுவோம். நிர்ப்பீடனம் வேறு அலகில், வேறு தவணையில் வரும். இரண்டையும் ஒன்றாகப் படிப்பிக்காததில்தான் இந்தக் குழப்பமெல்லாம் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம். குடலைச் சுற்றி நிர்ப்பீடனக் கலங்கள் ஏராளமாகக் குடியிருக்கின்றன, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு மனிதருக்குள் கிட்டத்தட்ட 38 இலட்சம் கோடி பற்றீரியா, அநேகமானவை பெருங்குடலில். (மனிதக் கலத்தைவிடப் பத்து மடங்கு என்று நானும் வகுப்பில் சொல்லித் திரிந்தேன், 2016இல் சரியாகக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றுதான் வந்தது.) இவற்றுக்கும் நமது இரத்தத்துக்கும் நடுவில் நிற்பது ஒரேயொரு கல வரிசை. அந்தக் கலங்களும் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து, புதிது முளைத்துவிடும்.

ஒரு கலத் தடிப்புள்ள சுவரை வைத்துக்கொண்டு இவ்வளவு பேரையும் எப்படிச் சமாளிப்பது? எல்லாரோடும் சண்டை பிடித்தால் குடலே புண்ணாகிவிடும், சோறும் ஒரு அந்நியப் பொருள்தான். ஒருவரோடும் பிடிக்காவிட்டால் அடுத்த நாள் இரத்தத்தில் கிருமி. ஆகவே குடல் பாதி நேரம் தூரத்தில் வைத்திருக்கும் வேலையைத்தான் செய்கிறது. சீதத்தைச் சுரந்து கலத்துக்கு மேல் போர்த்துகிறது, அந்தப் போர்வைக்குள் பற்றீரியாவைக் கொல்லும் புரதங்களைக் கசியவிடுகிறது. பிறகு ஐ.ஜி.ஏ என்ற பிறபொருளெதிரியைக் கிராம் கணக்கில் தினமும் குடலுக்குள் ஊற்றுகிறது. நம் உடம்பு மற்ற எல்லா வகைப் பிறபொருளெதிரியையும் சேர்த்துச் செய்வதைவிட இது ஒன்றைத்தான் கூடச் செய்கிறது. இது கிருமியைப் பெரும்பாலும் கொல்வதில்லை, சுற்றிப் பிடித்து, சுவரில் ஒட்டவிடாமல், மலத்தோடு அனுப்பிவிடும். வாசல்படியில் வைத்தே பேசி அனுப்புகிற வீட்டுக்காரர் போல. இடைக்கிடை எம் கலம் என்று சில கலங்கள் இருக்கின்றன, அவை வேண்டுமென்றே உள்ளே இருப்பதைக் கொஞ்சம் எடுத்துப் பின்னால் காத்திருக்கும் நிர்ப்பீடனக் கலங்களுக்குக் காட்டும். இன்றைக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற வேலை. போலியோ மாதிரி வைரசுகள் அந்த வழியையும் பயன்படுத்தி உள்ளே வரப் பார்க்கும்.

வைரசு வந்தால் இந்தச் சுவர்க் கலங்களுக்கென்றே ஒரு அபாய மணி இருக்கிறது, இன்டர்ஃபெரோன் லம்டா என்று பெயர். இரத்தம் முழுக்கக் காய்ச்சல் கிளப்பாமல், சுவரோரத்தில் மட்டும் ஒலிக்கிற மணி. இதை வைத்து 2015இல் நோரோவைரசில் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எலிக் குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கிற ஒரு நோரோவைரசு, அன்டிபயோட்டிக் கொடுத்தால் தங்க முடியாமல் போகிறது. சரி, இதுவும் போலியோ கதைதான் என்று நினைப்போம். ஆனால் அந்த லம்டா மணியின் சத்தம் கேட்காத எலிகளை, அதாவது அதற்கான வாங்கி இல்லாத எலிகளை எடுத்துக்கொண்டால், அன்டிபயோட்டிக் கொடுத்தும் வைரசு சுகமாகத் தங்குகிறது. அப்படியென்றால் பற்றீரியா இங்கே பால்காரர் வேலை பார்க்கவில்லை. மணியை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மருந்து பற்றீரியாவை அகற்றியதும் மணி அடித்தது, வைரசைத் துரத்தியது நிர்ப்பீடனம். மருந்து, பற்றீரியா, நிர்ப்பீடனம், வைரசு என்று நான்கு பேர் சம்பந்தப்பட்ட விசயத்தை நான் இரண்டு பேரை வைத்து ஒரு வசனமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

மாமியின் தயிர்

இந்த இடத்தில் நியாயமாகப் பார்த்தால் நான் மாமி பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாயவிடாமல் பண்ணியது 2018இல் வந்த ஒரு கட்டுரை. அதே மாதிரி எலி, அதே மாதிரி வாய்வழி அன்டிபயோட்டிக், ஆனால் வைரசு வேறு: வெஸ்ட் நைல், டெங்கு, சிக்கா. இந்த முறை மருந்து குடித்த எலிகளுக்குத்தான் நோய் மோசமானது. குடல் பற்றீரியா போனதும் வைரசு புகுந்த கலங்களைக் கொல்கிற ரீ கலங்களின் படை சோர்ந்துவிட்டது. டெங்கு குடலில் வருகிற நோய்கூட இல்லை, நுளம்பு கடித்து இரத்தத்தில் வருவது. மட்டக்களப்பில் மழை முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு காய்ச்சல் வருகிற மாதங்கள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காய்ச்சல் என்றதும் பாமசிக்குப் போய் "ரெண்டு நாளைக்கு அன்டிபயோட்டிக் தாங்க" என்று கேட்கிற எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவரவில்லை. ஆனால் வாசித்த பிறகு அந்த வரிசையில் நின்று பனடோல் வாங்கும்போதுகூட எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

2019இல் ரொட்டாவே திரும்ப வந்தது. ஒரு ஆய்வுகூடத்து எலிகளுக்கு ரொட்டாவைக் கொடுத்தால் தொற்றவேயில்லை. பரம்பரையா, நிர்ப்பீடனமா என்று தேடிப்போனவர்களுக்குக் கிடைத்தது ஒரு நூல்போன்ற பற்றீரியா, சிறுகுடல் சுவரிலேயே ஒட்டி வாழ்வது. அதை வேறு எலிகளுக்குக் கொடுத்தால் அவையும் தப்பின. அது நிர்ப்பீடனக் கலங்களைக்கூடக் கூப்பிடவில்லை; சுவர்க் கலங்களைச் சீக்கிரமாக உதிரவைத்தது. வைரசு குடியேறிய கலம், பிள்ளை பெறுவதற்கு முன்பே இடிந்து போய்விடுகிறது. ஆக, ரொட்டாவுக்கு உதவுகிற பற்றீரியாவும் குடலில் இருக்கலாம், ரொட்டாவை விரட்டுகிற பற்றீரியாவும் இருக்கலாம். ரோஸ் நிறச் சிரப் ஆள் பார்த்து அடிப்பதில்லை. என் மகனின் குடலில் அன்று யார் இருந்தார்கள் என்று சிரப்புக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இவ்வளவும் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் மாமிக்கும் எனக்கும் தயிர் விசயத்தில் ஒரு பிணக்கு. படுவான்கரையிலிருந்து வருகிற எருமைத் தயிர்ச் சட்டி எங்கள் வீட்டில் ஒருநாளும் ஓய்ந்ததில்லை. யாரோ தொலைக்காட்சியில் "நல்ல கிருமி" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, பேரனுக்கு வயிறு கொஞ்சம் இளகினாலே தயிரை ஊட்டத் தொடங்கிவிட்டார். தயிருக்கு நான் எதிரியில்லை, சட்டியைச் சுரண்டித் தின்கிறவன்தான். எனக்கு எரிச்சலூட்டியது அந்த "நல்ல" என்ற சொல். தயிர்ப் பற்றீரியா குடலுக்குப் பெரும்பாலும் விருந்தாளி, இரண்டு நாள் நின்று போய்விடும். கிருமியைக் குளிகையாக்கி வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகள் 2018இல் வந்தன, அமெரிக்காவில் 971 பிள்ளைகள், கனடாவில் 886 பிள்ளைகள். இரண்டிலும் வெறும் மாவுக் குளிகை குடித்த பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு பக்கம், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் மெலிந்துபோன சடைமுளைகளை ஒரு நோரோவைரசு நிமிர்த்திவிட்டதாக நியூயோர்க்கிலிருந்து 2014இல் ஒரு கட்டுரை. பற்றீரியா செய்யவேண்டிய வேலையை வைரசு செய்திருக்கிறது. அப்போ அதுவும் நல்ல கிருமியா? மாமியிடம் கேட்டேன். "வைரசத் தயிர்ல போடுறயா?" என்று முகத்தைச் சுளித்தார்.

வேலூர்ப் பிள்ளைகள்

எலி எலிதான் என்று எத்தனை தரம் சொன்னாலும் மனம் அடங்காது. பிள்ளைகளில் யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். கிடைத்தது, அதுவும் தமிழ்ப் பிள்ளைகளில்.

இதைச் சொல்ல முதலில் சொட்டு மருந்தைச் சொல்லவேண்டும். 1990களின் நடுவில், போலியோ சொட்டு மருந்து நாட்களில் மட்டும் சண்டை நிற்கும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் நடக்க, நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனது ஞாபகம். அன்று வெடிச்சத்தம் இல்லாததே ஒரு சத்தம் மாதிரி இருந்தது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். அந்தச் சொட்டுக்குள் இருந்தது பலவீனமாக்கிய உயிருள்ள வைரசு என்பதும், அது தம்பியின் குடலில் போய்ப் பெருகித்தான் குடல் சுவரில் ஐ.ஜி.ஏயை எழுப்பியது என்பதும் நான் பிறகு படித்தது. ஊசி மருந்து இரத்தத்தில் காவல் போடும், குடலில் அவ்வளவாகப் போடாது. சொட்டு மருந்து வாசலிலேயே போடும். ஆனால் அதற்கு வைரசு முதலில் குடலில் குடியேற வேண்டும்.

அந்தக் குடியேற்றம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜோன் 1970களிலேயே இதைக் கண்டு சொன்னார்: மேல்நாட்டில் மூன்று தரம் கொடுத்துக் கிடைக்கிற பலன் இங்கே கிடைக்கவில்லை, இன்னும் அதிக தரம் கொடுக்கவேண்டும். ரொட்டாச் சொட்டு மருந்துக்கும் பின்னால் இதே கதை. பணக்கார நாட்டில் கடுமையான நோயை நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் தடுத்த மருந்து, ஏழை நாடுகளில் பாதி அளவில் நின்றது. நம் பக்கத்துப் பிள்ளைகளின் குடலில் ஓயாமல் கிருமி வந்துபோவதால் சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கி, சண்டை மனநிலையிலேயே இருக்கிறது, அதனால்தான் மருந்து வைரசால் குடியேற முடியவில்லை என்பது ஒரு விளக்கம். அப்படியென்றால் முதலில் அன்டிபயோட்டிக் கொடுத்துக் குடலைச் சுத்தமாக்கிவிட்டுச் சொட்டு மருந்தைக் கொடுத்தால்?

அதைத்தான் வேலூரில் செய்தார்கள். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட 700க்கு மேற்பட்ட பிள்ளைகள், பாதிப் பேருக்கு மூன்று நாள் அசித்ரோமைசின், மற்றவர்களுக்குப் போலி மருந்து, பிறகு எல்லாருக்கும் போலியோச் சொட்டு. முடிவு 2016இல் வந்தது. ஓ.எல். ரிசல்ட் பார்க்கிற பெற்றாரைப் போல நான் முதல் பக்கத்தைத் தாண்டி நேரே அட்டவணைக்குப் போனேன். அசித்ரோமைசின் தன் வேலையைச் செய்திருந்தது. நோய்தரும் பற்றீரியா குறைந்திருந்தது, குடல் வீக்கத்தின் அடையாளங்களும் குறைந்திருந்தன. போலியோவுக்கான பிறபொருளெதிரி மட்டும் கூடவில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றுதான். அந்த ஊர்ப் பிள்ளைகளையே திரும்ப ஆராய்ந்தபோது, சொட்டு மருந்துக்கு இடைஞ்சலாகத் தெரிந்தது பற்றீரியாவைவிட, போலியோவின் சொந்தக்காரர்களான வேறு குடல் வைரசுகள்தான். மருந்து வைரசு வந்தபோது சீற்றில் ஏற்கெனவே ஆள் இருந்திருக்கிறது. அந்த ஆளை எந்த அன்டிபயோட்டிக்கும் எழுப்பாது.

நான் அந்த அட்டவணையை எத்தனை தரம் பார்த்தேன் என்று தெரியாது. எலியில் வந்த விடை பிள்ளையில் வரவில்லை என்பது ஆய்வுக்காரருக்குப் பழகிப்போன விசயம். எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. மூன்று வருடமாக நான் மாமி பிழையா சரியா என்று தேடிக்கொண்டிருக்கிறேன், உண்மையில் தேடியது அந்த இரண்டு மணிக்கு நான் செய்ததற்கு ஒரு மன்னிப்பு. போலியோ எலி அதைத் தருவது போல வந்தது, டெங்கு எலி பறித்தது, நூல் பற்றீரியா குழப்பியது, கடைசியில் வேலூர்ப் பிள்ளைகள் "எங்களை இழுக்காதீங்க" என்று விட்டார்கள். அன்றைக்கு அந்தச் சிரப் ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம், கொஞ்சம் கெடுத்தும் இருக்கலாம். அன்டிபயோட்டிக்கே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரவைக்கும் என்பது எந்த டொக்டரும் சொல்லக்கூடியது. மகன் மூன்றாம் நாள் எழும்பியது சிரப்பை மீறியா என்பதும் ஒரு கேள்விதானே.

நேரடியாக

போன தவணை அந்தப் பாடம் வந்தது. வழக்கமான வசனத்தை எழுதப்போய் கை நின்றது. "வைரசுக்களுக்கு எதிராக நேரடியாகச் செயற்படமாட்டா" என்று எழுதினேன். ஒரு சொல்தான் கூட்டினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, வழக்கமாக வாயே திறக்காதவள், எழும்பினாள். "சேர், அப்ப நேரடியா இல்லாம செயற்படுமா?"

அந்தப் பாடவேளை முழுக்க அதிலேயே போனது. சென்றி, பால்காரர், மணி எல்லாம் சொன்னேன். சென்றி என்றால் என்னவென்று இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது, அதில் பத்து நிமிடம் போனது, அந்தப் பத்து நிமிடம் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. மணி அடிக்கும்போது முன்வாங்குப் பையன் கேட்டான்: "சேர், சோதினைக்கு எத எழுதுற?" பழைய வசனத்தை எழுதச் சொன்னேன். புள்ளித்திட்டத்தில் பால்காரர் இல்லை.

இரண்டு கிழமைக்கு முன்னால் அடுத்த வளவுப் பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மாமி வேலிக்கரையிலிருந்து நேரே என்னிடம் வந்தார். "தம்பி, அண்டைக்கு மகனுக்குக் குடுத்த அந்தச் சிரப்புட பேர் என்ன?" இரத்தம் போகிறதா, காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை, தண்ணீராகத்தான் போகிறது, பிள்ளை பால் குடிக்கிறது என்றார். உள்ளே போய் இரண்டு ஜீவனிப் பைக்கற் எடுத்துவந்து கொடுத்தேன். சும்மா கொடுத்தால் வேலைக்காகாது என்று ஒரு கதையும் சொன்னேன். 1971இல் பங்களாதேஷ் சண்டைக்கு ஓடிவந்த சனம் இந்திய எல்லையில் பொங்காவில் குவிந்து கிடந்தது, கொலராவில் நூற்றுக்கு முப்பது பேரளவில் செத்தார்கள், சேலைன் முடிந்துவிட்டது, திலீப் மஹலனபிஸ் என்ற டொக்டர் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை வாளியில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார், சாவு நூற்றுக்கு நாலுக்குக் கீழே இறங்கியது. குளுக்கோசு உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும், உப்புக்குப் பின்னால் தண்ணீர் போகும், எந்தக் கிருமி வந்திருந்தாலும் அந்தக் கதவு அநேகமாகத் திறந்துதான் இருக்கும்.

மாமி கடைசிவரை கேட்டார். பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தண்ணிதானே தம்பி" என்றார். "நான் சிரப்புட பேரயெல்லோ கேட்ட."